கோட்டைப் படம் டிஃப்பா, ஜேபெக்கா? ஒரே நூலை அச்சுக்கும் இணையத்துக்கும் அனுப்பும்போது

ஊர் வரலாறு ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். டெம்மி 1/8 அளவு, 64 பக்கம், ரேப்பர் (மேலட்டை) மல்டி கலர், உள்ளே சிங்கிள் கலர், ஆப்செட்டில் 500 பிரதி. அதே நூல் இணையப் பக்கமாகவும் வர வேண்டும், கைப்பேசியில் படிக்கிற பி.டி.எஃப். ஆகவும் போக வேண்டும். எழுத்து இரண்டு இடத்துக்கும் சிரமமில்லாமல் போய்விடும். தடுக்கி விழுவது படத்தில்தான்: டிஃப், ஜேபெக் என்று எந்தக் கோப்பு வகையில் (ஃபார்மட்டில்) கொடுப்பது என்பதில்.

இப்படிப்பட்ட நூலில் என்னென்ன படம் இருக்கும்? வேலூர்க் கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்கள், விரிஞ்சிபுரத்து மதில் என்று சில புகைப்படங்கள். பாலாறும் அதன் கரையில் உள்ள ஊர்களும் காட்டும் வரைபடம் ஒன்று. கல்வெட்டு மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த படி) இரண்டு. எப்போதோ வந்த விழா மலரிலிருந்து ஸ்கேன் செய்த பழைய தேர்ப் படம். பக்க ஓரத்துக்கு ஒரு புள்ளிக் கோலம். இவை எல்லாவற்றையும் ‘ஜேபெக்கில் கொடுத்துடுங்க’ என்று ஒரே வாயில் சொல்லிவிடுவதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

ஈய எழுத்துக் காலத்தில் பிளாக் (படம் அச்சிடும் அச்சுக்கட்டை) செய்யக் கொடுத்தால் முதல் கேள்வியே ‘லைன் பிளாக்கா, ஹாஃப்டோன் பிளாக்கா’ என்பதுதான். கோட்டுப்படத்துக்கு ஒன்று, சாயல் (கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட ஏற்ற இறக்கம்) உள்ள புகைப்படத்துக்கு மற்றொன்று. பிளாக் போய்ப் பிளேட் வந்துவிட்டது, கேள்வி மாறவில்லை. படம் கோடா, சாயலா என்பதை முதலில் தீர்மானித்தால், அச்சுக்கு எது, வலைக்கு எது என்பது தானாகவே விழுந்துவிடும். இலக்கை மட்டும் பார்த்து ஃபார்மட் தேடினால் கடைசிவரை குழப்பம்தான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாய்க் கோப்பு இருக்க வேண்டும். அச்சுப் படமும் வலைப் படமும் அந்தத் தாயிடமிருந்து தனித்தனியே பிறக்க வேண்டும். அச்சுக்குச் செய்ததைச் சுருக்கி வலைக்கு எடுப்பதும், வலையில் போட்டதைப் பெருக்கி அச்சுக்கு எடுப்பதும் இரண்டுமே தவறு. முதலாவதில் நிறம் கெடும், இரண்டாவதில் எல்லாமே கெடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். ‘300 டி.பி.ஐ. வேண்டும்’ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்பது, கணினியில் பக்கம் அமைத்துத் தரும் எல்லா டி.டி.பி. சென்டரிலும் ஒலிக்கும் மந்திரம். அந்த எண் வந்த வழி இது: ஆப்செட்டில் சாயல், சிறு புள்ளிகளின் வரிசையாக அச்சாகிறது. ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 150 வரிசை வழக்கம். வரிசைக்கு இரண்டு பிக்சல் கொடுத்தால் தெளிவாக வரும் என்பதால் 300. பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் 133 வரிசை போட்டால் 200 முதல் 266 வரை போதும். ஆகவே 240 இருக்கிற படத்தைப் பார்த்துப் பதறி, மென்பொருளில் 300 என்று தட்டிப் பெருக்கத் தேவையில்லை. அப்படிப் பெருக்குவதால் வருவது பொய்யான பிக்சல்தான்.

கணக்கு எளிது. அச்சில் படம் எத்தனை அங்குல அகலம் வருமோ அதை 300-ஆல் பெருக்கவும். டெம்மி 1/8 என்றால் வெட்டிய அளவு 5.5 × 8.5 அங்குலம். எழுத்து நிற்கும் அகலம் நாலேகால் அங்குலம் என்றால் படத்துக்கு 1275 பிக்சல் அகலம் போதும். பக்கம் முழுக்க விளிம்பு வரை போகும் படம் என்றால் நாலு பக்கமும் கால் அங்குலத்தில் பாதி பிளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) சேர்த்து 5.75 × 8.75, அதாவது 1725 × 2625. பன்னிரண்டு மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000 × 3000 இருக்கும். உள்பக்கத்துக்கு அது தாராளம். முன்னும் பின்னும் முதுகும் சேர்ந்து ஒரே படமாக விரியும் ரேப்பருக்கு மட்டும் சுமார் 3450 × 2625 கேட்கும். அங்கே படத்தைக் கொஞ்சம் வெட்டினாலும் தட்டுப்பாடு வந்துவிடும். கோட்டையின் அகலத்தைக் காட்டும் ரேப்பர்ப் படத்தை முதலிலேயே கூடுதலாக விட்டு எடுக்கச் சொல்வது நல்லது.

இனி டிஃப்பா ஜேபெக்கா. ‘டிஃப் கொடுத்தால்தான் அச்சு பளிச்சென்று வரும்’ என்பது நம்பிக்கைதான், உண்மையில்லை. போட்டோஷாப்பில் தரம் 10-க்கு மேல், ஜிம்ப் என்ற பட மென்பொருளில் 92-க்கு மேல் வைத்து ஒரே ஒரு முறை சேமித்த ஜேபெக்கையும் டிஃப்பையும் அச்சான தாளில் பிரித்துச் சொல்ல முடியாது. டிஃப் தேவைப்படுவது நடுவில்தான். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கிறது. நாலு பேர் திறந்து, நாலு பேர் திருத்தி, நாலு முறை சேமித்தால் வானத்தில் சதுரம் சதுரமாகத் திட்டு தெரியும். திருத்தம் நடக்கும்வரை டிஃப் அல்லது மென்பொருளின் சொந்தக் கோப்பு, முடிந்தபின் ஜேபெக் என்றிருந்தால் சரி. வந்ததே ஜேபெக் என்றால் அதை டிஃப்பாக மாற்றி அனுப்புவதால் தரம் கூடாது. 4000 × 3000 படம் மூன்று நிறத்துக்கும் சேர்த்து 36 மெகாபைட் ஆகும், பென்டிரைவ் நிறையும், அவ்வளவுதான்.

ஜேபெக் எங்கே கைவிடும் என்று தெரிந்துகொள்வது இதைவிட முக்கியம். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கி எறிகிறது. அதோடு வெளிச்சத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்று சுருக்கிவிடும். அகழி நீரிலும் கல்தூணிலும் இது தெரியவே தெரியாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் உடனே தெரியும். நம் அழைப்புப் பத்திரிகைகள், விழா நோட்டீஸ்கள் எல்லாம் அந்த நிறத்தில்தானே! குங்குமம் வியர்வையில் கரைந்ததுபோல எழுத்தோரம் இழுகியிருக்கும். போட்டோஷாப்பில் ‘சேவ் ஆஸ்’ வழியாகத் தரம் 7-க்கு மேல் போனால் நிறச் சுருக்கம் தானாக நின்றுவிடும். ஜிம்ப்பில் சேமிக்கும் பெட்டியின் கூடுதல் அமைப்பில் 4:4:4 (நிறத்தைச் சுருக்காதது) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்துக்கான வெப்-பி என்ற பட வகையின் இழப்புச் சுருக்கத்தில் இந்த வசதி கிடையாது, எப்போதும் 4:2:0 (மேலே சொன்ன நிறச் சுருக்கம்) தான். சிவப்பெழுத்துப் பத்திரிகையை வெப்-பியாக ஏற்றுகிறவர்கள் இழப்பில்லாத வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது எதையும் இழக்காத பி.என்.ஜி. வகை போட வேண்டும்.

உள்பக்கம் சிங்கிள் கலர் என்பதால், வண்ணப் புகைப்படத்தைக் கருப்புவெள்ளையாக மாற்றும் வேலையை அச்சகத்தின் தலையில் கட்டக் கூடாது. தானாக மாற்றினால் கருங்கல் மதிலும் அதன் பின்னால் உள்ள மரமும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். சிவப்பு, பச்சை, நீல வாய்க்கால்களை (சேனல்களை) தனித்தனியே பார்த்து, எதில் பிரிவு நன்றாகத் தெரிகிறதோ அதற்குக் கூடுதல் பங்கு கொடுத்துக் கலக்க வேண்டும். பிறகு ஒரு திருத்தம்: மேப்லித்தோ மையை உறிஞ்சும், புள்ளி ஊதும். நடுச்சாயலில் 50 சதவீதம் என்று கொடுத்தது தாளில் 70-ஐ நெருங்கும். அதனால் திரையில் கொஞ்சம் வெளுத்தாற்போல் தெரியும்வரை நடுச்சாயலைத் தூக்கிவிட வேண்டும். மிக அடர்ந்த கருப்பு 95-க்குள், மிக வெளுத்த இடம் 3 அல்லது 4-க்குக் குறையாமல். மண்டபத் தூணின் நிழலில் யாளியின் கால் தெரியாமல் போவதெல்லாம் இதைச் செய்யாததால்தான். இந்த வெளுத்த படத்தை எடுத்து அப்படியே இணையத்தில் போட்டால் சோகை பிடித்தது போலிருக்கும். வலைக்கு வண்ணத் தாய்க் கோப்பிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

வலைப் பக்கத்தில் டி.பி.ஐ. என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் உலாவி பார்ப்பது பிக்சல் எண்ணிக்கையை மட்டுமே. கட்டுரைப் பத்தி 700 அல்லது 800 பிக்சல் அகலம் என்றால், கூர்மையான திரைகளுக்காக இரட்டிப்பாக 1400 முதல் 1600 வரை கொடுத்தால் போதும். ஜேபெக் தரம் 75 முதல் 82. பெரும்பாலான படங்கள் 200 முதல் 350 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இலை, கருங்கல், கூட்டம் நிறைந்த படம் கூடுதலாகும், வானமும் நீரும் உள்ள படம் குறையும். சுருக்கிய பிறகுதான் கூர்மையாக்க வேண்டும். முன்பே கூர்மையாக்கினால் சுருக்கும்போது அது வீணாகிவிடும். நிறவெளி (படத்தில் வரக்கூடிய நிறங்களின் எல்லை) எஸ்.ஆர்.ஜி.பி. என்பதில் சமரசம் வேண்டாம். ஐபோன் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற அகன்ற நிறவெளியில் வரும். அதை மாற்றாமல் நிறவெளியைச் சொல்லும் புரொஃபைலை மட்டும் உரித்துவிட்டால் ஆரணிப் பட்டின் சிவப்பு செங்கல் பொடியாகத் தெரியும். முதலில் மாற்றம், பிறகு உரித்தல். உரிக்கும்போது படமெடுத்த இடத்தின் ஆயத்தொலைவையும் சேர்த்து நீக்கிவிடுங்கள். கோட்டை எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், படத்தில் உள்ள பழைய வீடு யாருடையது என்பது தெரிய வேண்டியதில்லை.

வெப்-பியும் ஏ.வி.ஐ.எஃப். வகையும் வலைக்கு மட்டும். ஜேபெக்கைவிட வெப்-பி கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சிறியது, ஏ.வி.ஐ.எஃப். இன்னும் சிறியது. முப்பது படமுள்ள ஊர் வரலாற்றுப் பக்கத்துக்கு இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஒழுங்காக அளவு குறைத்த ஜேபெக் போதும். ஆனால் இணையத்திலிருந்து வெப்-பியாக இறக்கிய படத்தை, கோப்புப் பெயரின் வாலை மட்டும் ஜேபெக் என்று மாற்றி டி.டி.பி.க்கு அனுப்புகிற வழக்கம் இருக்கிறதே, அதை நிறுத்த வேண்டும். பெயர் மாற்றினால் ஆள் மாறிவிட மாட்டார். பக்கம் அமைக்கப் பயன்படும் பேஜ்மேக்கரும் பழைய கோரல்டிராவும் அதைத் திறக்காது. ‘ஃபைல் கரப்ட்’ என்று பதில் வரும்.

அடுத்தது கோட்டுப்படம். பாலாற்று வரைபடமும் கோலமும் வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் எவ்வளவு பெருக்கினாலும் உடையாத கோடுகளாக, இருக்க வேண்டும். தாய்க் கோப்பு இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எஸ்.வி.ஜி. (வெக்டர் கோப்பு வகை), கோரல்டிராவில் என்றால் அதன் சொந்தக் கோப்பு. அச்சுக்கு அதிலிருந்து பி.டி.எஃப். எடுக்கலாம். இ.பி.எஸ். என்ற பழைய வகையைக் கேட்கிற அச்சகங்கள் இன்னும் உண்டு. கொடுக்கலாம், ஆனால் அதில் ஒளிபுகும் தன்மை நிற்காது. ஆற்றின் மேல் மெல்லிய நீலத் திரை போட்டிருந்தால் அது கெட்டியாகி ஊர்ப்பெயரை மூடிவிடும். டெக் (TeX) என்ற, கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் முறையில் நூல் செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: நேரடியாகப் பி.டி.எஃப். தரும் எஞ்சின் பி.டி.எஃப்., பி.என்.ஜி., ஜேபெக் மூன்றையும் வாங்கும், டி.வி.ஐ. என்ற இடைக்கோப்பு வழியாகப் போகும் பழைய முறை இ.பி.எஸ். கேட்கும். எஸ்.வி.ஜி.யை இரண்டும் நேரே வாங்காது, மாற்றித்தான் தர வேண்டும்.

வரைபடத்தைச் சுருக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து சுருங்குகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இங்க்ஸ்கேப்பில் அதற்கென்று ஒரு பொத்தான், கோரலில் ஒரு டிக். அது போட்டிருக்கும்போது 0.5 பாயின்ட் கோடு உள்ள படத்தை 40 சதவீதத்துக்குக் குறைத்தால் 0.2 ஆகிவிடும், பிளேட்டில் ஏறினாலும் தாளில் விட்டுவிட்டுத் தெரியும். கருப்புக் கோட்டுக்கு 0.25, கருப்பு நடுவே வெள்ளைக் கோட்டுக்கு 0.5, இதற்குக் கீழே போகக் கூடாது.

அச்சில் அழகாக வந்த வரைபடம் கைப்பேசியில் ஏன் படிக்க முடியவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. நாலரை அங்குலப் படத்தின் அகலம் 324 பாயின்ட் (அங்குலத்துக்கு 72). அதில் ஊர்ப்பெயர் 8 பாயின்ட் என்றால் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. கைப்பேசியில் பத்தி அகலம் சுமார் 330 பிக்சல். அதே பெயர் 8 பிக்சல் உயரத்துக்கு வந்துவிடும். ஆங்கில எழுத்தாவது தட்டுத்தடுமாறித் தெரியும், ‘கு’வும் ‘கூ’வும் ஒன்றாகிவிடும். எஸ்.வி.ஜி. போட்டாலும் இதே கதிதான், ஏனென்றால் இது கூர்மையின் பிரச்சினையில்லை, அளவின் பிரச்சினை. வலைக்குத் தனி வரைபடம் வேண்டும்: வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், வேலூர், ஆற்காடு, வாலாஜாபேட்டை போன்ற பெயர்களை மட்டும் வைத்து, எழுத்தை இரட்டிப்பாக்கி, சிற்றூர்களை விட்டுவிடலாம். முழு வரைபடத்தைத் தொட்டால் திறக்கும் இணைப்பாகக் கொடுக்கலாம்.

எஸ்.வி.ஜி.யில் தமிழ் எழுத்து இருந்தால் தனி எச்சரிக்கை. பக்கத்தில் படமாக வைக்கும் எஸ்.வி.ஜி. வெளியிலிருந்து எழுத்துருவை இழுக்காது. வாசகரின் கருவியில் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும், பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் நிலைமை மோசம்: ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். டி.டி.பி. பாஷையில் ‘கர்வ் பண்ணிக் கொடுங்க’ என்பார்களே, அதுதான் தீர்வு. எழுத்தைக் கோடாக மாற்றிவிட வேண்டும். கர்வ் செய்தது நகலாக இருக்கட்டும். தாய்க் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருந்தால்தான் நாளைக்குப் பிழை திருத்த முடியும். கர்வ் செய்வதற்கு முன் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள். இந்திய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்காத போட்டோஷாப்பும் இன்டிசைனும் ஒற்றைக்கொம்பையும் காலையும் இடம் மாற்றி வைக்கும். கர்வ் ஆனபிறகு அந்தப் பிழை கல்லில் வெட்டியதாகிவிடும்.

வேர்ட்பிரஸ் தளம் எஸ்.வி.ஜி.யை இயல்பாக ஏற்காது. அப்போது பி.என்.ஜி. போதும்: 1600 பிக்சல் அகலம், நிறங்களைப் பட்டியல் (இன்டெக்ஸ்டு) வகையாக 16 அல்லது 32-க்குச் சுருக்கினால் வரைபடம் நூறு கிலோபைட்டுக்குள் நிற்கும். புகைப்படத்தை மட்டும் பி.என்.ஜி.யில் போடாதீர்கள், 300 கிலோபைட் ஜேபெக் மூன்று மெகாபைட் ஆகும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பி.என்.ஜி.க்கு சி.எம்.ஒய்.கே. (அச்சின் நாலு மை நிறம்) தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதில் உள்ள கருப்பு, ஆர்.ஜி.பி. (திரையின் சிவப்பு, பச்சை, நீலம்) கருப்பு. அது நாலு கலராக மாறும்போது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்பதுபோல் நாலு பிளேட்டிலும் ஏறும். ரெஜிஸ்டர் (பிளேட்டுகளின் பொருத்தம்) ஒரு முடியளவு நகர்ந்தாலே வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் சிவப்பு நிழல். ரேப்பரில் வரும் கோடும் எழுத்தும் கருப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் சுழி என்று இருக்க வேண்டும்.

கல்வெட்டு மைப்படிக்கு வருவோம். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி, சாம்பல் இல்லாத ஒரு பிட் படம்: 1200 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்), குறைந்தது 600, டிஃப்பில் குரூப் 4 என்ற இழப்பில்லாச் சுருக்கம். முழுப் பக்கம் 1200-இல் 6600 × 10200 பிக்சல் வரும், சுருக்காமல் 8.4 மெகாபைட், குரூப் 4 போட்டால் சில நூறு கிலோபைட். சாம்பல் படத்தை அச்சிட்டால் எழுத்தின் விளிம்பு புள்ளியாக உடையும், ஒரு பிட் படத்தில் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். பார்த்து வரைந்த படிக்கும், பழைய நூலின் பக்கத்துக்கும், கோலத்துக்கும் இது அருமையான வழி. ஆனால் மைப்படிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கருப்பா வெள்ளையா என்று ஒரே வெட்டில் தீர்க்கும்போது, கல்லில் இருந்த பொத்தல் புள்ளியாகிவிடும், மங்கிய கால் காணாமல் போகும். பழைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. மென்பொருள் வைத்த புள்ளியை நம்பி ஒருவர் வாசித்துவிட்டால் என்ன ஆவது? மைப்படியைச் சாம்பல் படமாகவே 400 முதல் 600 வரை வைத்துக் கொடுங்கள். விளிம்பு கொஞ்சம் உடைந்தாலும் சாயல் பொய் சொல்லாது. இடம் இருந்தால் பக்கத்திலேயே பார்த்து வரைந்த படியை ஒரு பிட் படமாகப் போடலாம்.

இதே அச்சம் ஜேபிக்-2 என்ற சுருக்கத்திலும் உண்டு. ஒரு பிட் பக்கங்களைச் சுருக்கும்போது, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளை ஒரே எழுத்தாக எண்ணி அச்சை மாற்றிப் போடும் இழப்பு வகை அதில் இருக்கிறது. 2013-இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசெல், ஸ்கேன் செய்த தாளில் எண்களே மாறி வருவதைக் காட்டியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. ‘ர’வும் காலும், ‘ள’வும் ‘ன’வும் நெருங்கி நிற்கும் நம் எழுத்தில் கேட்கவே வேண்டாம். பி.டி.எஃப். சுருக்கும்போது ஒரு பிட் படத்துக்குக் குரூப் 4 என்று வைத்தால் நிம்மதி.

ஒரு பிட் படத்தை வலைக்குச் சுருக்கும் முன் சாம்பல் வகைக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் சுருக்கினால் கோலத்தின் வளைவெல்லாம் படிக்கட்டாகும். மாற்றி, சுருக்கி, 16 சாயலுக்குக் குறைத்து பி.என்.ஜி.

பழைய விழா மலரின் தேர்ப் படம் வேறு வகைத் தலைவலி. அது ஏற்கெனவே புள்ளியாக அச்சானது. அதை ஸ்கேன் செய்து மீண்டும் புள்ளியாக்கினால் இரண்டு புள்ளி வலைகளும் மோதி, தேர்ச்சீலையின் மேல் தறி நெய்ததுபோல் அலை அலையாக மொயிரே விழும். 600-இல் ஸ்கேன் செய்து, புள்ளி மறையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, 300-க்குச் சுருக்கி, பிறகு கூர்மையாக்குங்கள். ஸ்கேனரிலேயே டீஸ்கிரீன் என்ற அமைப்பு இருந்தால் முதலில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். மூலப் புகைப்படம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது கிடைக்குமென்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. சி.எம்.ஒய்.கே. மாற்றம் கடைசியில், ஒரே முறை, அச்சகம் சொல்லும் புரொஃபைலில். அவர்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39, மேப்லித்தோவுக்கு ஃபோக்ரா 47 அல்லது 52. நாலு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் மேப்லித்தோவில் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஸ்ரீபுரம் பொற்கோயில் இரவு விளக்கில் மின்னும் மஞ்சளும், பட்டின் கிளிப்பச்சையும் நாலு கலரில் அப்படியே வராது. திரையில் பொன்னாக இருந்தது தாளில் கடுகு நிறமாகும். ஃபார்மட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. பொன் வேண்டுமென்றால் ஐந்தாவது மை, அதற்குத் தனிச் செலவு. சி.எம்.ஒய்.கே. ஜேபெக்கை மறந்தும் இணையத்தில் ஏற்றாதீர்கள். சில கருவிகளில் கண்ணைக் குத்தும், சிலவற்றில் நிறம் தலைகீழாகும், சிலவற்றில் திறக்கவே திறக்காது.

படங்கள் வந்து சேரும் வழியைக் கவனிக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. வாட்ஸப்பில் வழக்கமான தரத்தில் புகைப்படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைந்து, மேலும் அழுத்தப்பட்டு வரும். 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தேகால் அங்குலம் வருகிறதே, உள்பக்கத்துக்குப் போதுமே என்று தோன்றும். எண்ணிக்கை போதும், பிக்சலில் சத்து இருக்காது. தூணின் சிற்பம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று கிடக்கும். ‘டாக்குமெண்டாக அனுப்புங்க’ என்று படம் தருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள், அப்போது மூலம் மாறாமல் வரும். வேர்டு கோப்பில் ஒட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. வேர்டின் பல பதிப்புகள் சேமிக்கும்போது தானாகவே 220 பி.பி.ஐ.க்குச் சுருக்கிவிடும், அமைப்பில் போய்ப் படத்தைச் சுருக்காதே என்று டிக் போட்டால்தான் நிற்கும். வந்துவிட்ட கோப்பிலிருந்து படத்தை எடுக்க, கோப்பின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற அடைவில் எல்லாப் படமும் தனித்தனியாக இருக்கும். மேலே பெயர் மாற்றுவதைத் திட்டியவன் இங்கே அதையே சொல்கிறானே என்றால், வேர்டு கோப்பு உண்மையிலேயே ஒரு ஜிப் பொட்டலம்தான்.

அடைவுகள் மூன்று போதும்: தாய், அச்சு, வலை. மூன்றிலும் ஒரே படத்துக்கு ஒரே பெயர், வால் மட்டும் வேறு. டெக்கில் படத்தைச் சேர்க்கும்போது வாலை எழுதாமல் விட்டு, அடைவின் வழியை மட்டும் கொடுத்தால் அச்சுக்கு அச்சுப் படத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். கோப்பு வகை மாற்றும் பாண்டாக் மென்பொருளிலும் வால் இல்லாத படத்துக்கு எந்த வகை என்று கட்டளையிலேயே சொல்லலாம். மூலக் கட்டுரை ஒன்றே இருக்கும், கையால் மாற்ற வேண்டியதில்லை. பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். வீட்டு விண்டோஸ் கணினியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். சர்வரில் அவை வேறு வேறு, அங்கே படம் இருந்த இடத்தில் உடைந்த சட்டம் தெரியும்.

பி.டி.எஃப். இரண்டு எடுக்க வேண்டும். அச்சுக்கு எக்ஸ்-1ஏ அல்லது எக்ஸ்-4 என்ற அச்சுக்கான பி.டி.எஃப். வகை, எது என்று அச்சகத்தைக் கேட்டு, பிளீட், வெட்டுக்குறியோடு. சாயல் படம் 450-க்கு மேல் இருந்தால் 300-க்கு, ஒரு பிட் படம் 1800-க்கு மேல் இருந்தால் 1200-க்குக் குறைக்கும் வழக்கமான அமைப்பே நல்லது. லிப்ரே ஆபீஸ் ஆர்.ஜி.பி.யில்தான் தரும், ஆகவே நாலு கலர் ரேப்பரை ஸ்கிரைபஸ் போன்ற பக்க அமைப்பு மென்பொருளில் தனியே செய்வது மேல். ஒரே வண்ணத்தில் போகும் உள்பக்கத்தில், எழுத்து கருப்பு வாய்க்காலில் மட்டும் இருக்கிறதா என்று அக்ரோபாட்டின் அவுட்புட் பிரிவ்யூவில் கருப்பை மட்டும் அணைத்துப் பார்த்துவிடுங்கள், எழுத்து முழுக்க மறைய வேண்டும்.

கைப்பேசிக்கான பி.டி.எஃப். ஆர்.ஜி.பி.யில், பிளீட் இல்லாமல், படங்கள் 150 பி.பி.ஐ. பி.டி.எஃப். சுருக்க உதவும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளில் ‘ஈபுக்’ என்ற அமைப்பு இதைத்தான் செய்கிறது. ‘ஸ்கிரீன்’ என்பது 72-க்கு இறக்கும்; விரலால் பெரிதாக்கிப் பார்க்கிற காலத்தில் அது போதாது. அச்சுக்கு எடுத்த பி.டி.எஃப்.-ஐயே அதில் போட்டுச் சுருக்காதீர்கள். கடுகு நிறப் பொன்னும் வெளுத்த மண்டபமும் அப்படியே வந்து சேரும். வலை அடைவைக் காட்டி மறுபடி எடுத்தால் வண்ணப் படங்களே உட்காரும்.

ரேப்பரை வைத்தே வெளியீட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்வார்கள். பத்துக்கு எட்டு அடிக்கு 72 போதும், 8640 × 6912 பிக்சல், தரமான ஜேபெக். அங்கே போய் 300 கேட்டு அடம்பிடித்தால் அவர்கள் கணினிதான் தொங்கும்.

வேலை முடிந்ததும் தாய் அடைவு, கர்வ் செய்யாத வரைபடம், பயன்படுத்திய எழுத்துருக்கள், இரண்டு பி.டி.எஃப்.கள், இவற்றை டி.டி.பி. சென்டரிலிருந்து பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கணினி எப்போது ஃபார்மட் ஆகும் என்று யாருக்கும் தெரியாது, இரண்டாம் பதிப்புக்கு அந்த வரைபடத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.